ஒரு வருஷம் சும்மா

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால் எங்கள் அரூர்ப் பக்கத்தில் அதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. கணக்கில் போயிருக்க வேண்டும். கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லாமல் போயிருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வசதி இருக்கும்போதே, அம்மா அப்பா சம்மதத்தோடு, ஒரு வருடத்தை வேண்டுமென்றே படிப்பிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு வேறொரு நாட்டுக்குப் போகலாம் என்கிற நான்காவது காரணத்தை எங்களுக்குக் காட்டியவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

என் வருடம் 1991. காரணம் இரண்டாவது. அந்த வருடத்தில் கட்டுத்தரை கூட்டினேன். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் படுத்திருந்து ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சினேன். மாசியில் புளி உலுக்கினேன். படுக்கையில் விழுந்துவிட்ட தாத்தாவைத் தூக்கி உட்காரவைத்துக் கூழ் கொடுத்தேன். சொந்தக்காரர்களின் பட்டா விவகாரத்துக்கெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றேன். யாராவது வீட்டுக்கு வந்து, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் அப்பா தயங்காமல் சொல்வார்: "சும்மாதாங்க இருக்கான்." இதே வேலைகளை ஹாலந்திலிருந்து வந்த ஒரு பையன் செய்திருந்தால் இயற்கை வேளாண்மைக்கு ஒன்று, முதியோர் பராமரிப்புக்கு ஒன்று, ஊரக நிர்வாகத்துக்கு ஒன்று என்று மூன்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயிருப்பான். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான்.

சும்மா இருப்பவன் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்கும் விதி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. லோயர் முடித்தால் கிளார்க், ஹையர் முடித்தால் கோர்ட், ஷார்ட்ஹேண்டும் சேர்ந்தால் கலெக்டருக்குப் பக்கத்து அறை என்று ஒரு நம்பிக்கை. இந்தி வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் தன் வீட்டுத் திண்ணையில் தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் பிராத்மிக் பரீட்சைக்குப் பாடம் சொல்லித்தந்தார். கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்து படித்துவிட்டுப் போனார்கள். கன்னடத்துக்கு முப்பது நாளில் கற்றுத்தருவதாக அட்டையிலேயே சத்தியம் செய்த புத்தகம் ஒன்று பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் தொங்கும். அதை வாங்கினவர்கள் பாதியில் விட்டார்கள். வாங்காமல் நேரே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், மேஸ்திரி திட்டின திட்டிலேயே முப்பது நாளில் பேசக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையில் கன்னடம் என்று மூன்று மொழி பேசுகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. தாண்டாக்களில் இருக்கும் லம்பாடி மக்கள் இதற்கு மேல் தங்கள் மொழியையும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்குப் பன்மொழிப் புலமை என்று பெயர். இங்கே கூலி வேலை.

அப்புறம் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் வந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டு, 1991இல் புதுக்கோட்டையில் இயக்கம் சைக்கிள் ஏறிப் பறந்து, அந்தக் காற்று எங்கள் பக்கம் வந்துசேர்ந்தபோது, சும்மா இருந்த எங்களுக்கெல்லாம் முதன்முறையாக ஒரு பதவி கிடைத்தது: தொண்டர். சம்பளம் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பெட்ரோமாக்ஸ், சிலேட்டு, ஒரு பாடப்புத்தகம். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். கணக்கில் சேருவது 35 வயது வரை உள்ளவர்கள்தான். நாற்பதைத் தொட்டிருந்த என் அம்மா கணக்கில் சேராமலே தினமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையிடம் சிலேட்டை நீட்டுவதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை, எனக்குத்தான் இருந்தது. சில மாதங்களில் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டியவரிடம், "பேனா குடுங்க" என்றார். அன்று கடைக்காரர் பேனா தேட எடுத்துக்கொண்ட நேரத்தில் வரிசை மாரியம்மன் கோயில் வரை நீண்டுவிட்டது.

அப்பா அப்போதும் என்னைப் பற்றி விசாரிப்பவர்களிடம் சொன்னது அதே பதில்தான். கூடவே, "ராத்திரில பொம்பளைங்களுக்குப் பாடம் எடுக்கறான்" என்று சேர்த்துக்கொண்டார். அது எனக்குப் பெண் பார்க்கும்போது உதவவில்லை.

பிறகு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரத் தொண்டு, அதற்கொரு சான்றிதழ், அப்புறம் தத்தெடுத்த கிராமத்தில் பத்து நாள் முகாம். பார்த்தீனியம் பிடுங்கினோம், பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், யாரும் கேட்காத ஒரு சாலையைப் போட்டோம். அந்த ஊர்க்காரர்கள் கட்டிலில் உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பத்து நாள் பொழுதுபோக்கு. நாங்கள் போன மறுவாரமே பார்த்தீனியம் திரும்பி வந்துவிட்டது.

இப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகள். அரூரிலிருந்து தீர்த்தமலை, கோட்டப்பட்டி தாண்டிப் போனால் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழ்கிற இடம். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்த ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி, எங்கே தேவை அதிகம் என்று நாடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு 1993இல் அங்கே வந்து ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி போட்டார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அதன் பிறகு அங்கே ஒவ்வொன்றாகக் கிளைத்தது: பழங்குடி நல மருத்துவமனை, இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூவேலைக்கான 'போர்கை', பிள்ளைகளுக்குத் 'துளிர்'. இவ்வளவும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தால் உலகத்தின் கண்ணில் படாமல் இருக்குமா? முதுகில் ஆளுயர மூட்டையோடு கோட்டப்பட்டி பஸ்ஸிலிருந்து வெளிநாட்டு இளைஞர்கள் இறங்குவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி ஆனது.

நான் அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு வேலையில் இருந்தேன். பஸ்ஸில் அவர்களோடு பேசிக்கொண்டு போவேன். பதினெட்டு பத்தொன்பது வயது. பள்ளி முடித்து, பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். அந்த வார்த்தையே எனக்குப் புதிது. இடம் கிடைத்த பிறகு வரமாட்டேன் என்பதா? எங்கள் ஊரில் கவுன்சிலிங்குக்கு அரைமணி நேரம் பஸ் தாமதமானதற்கே அழுத பிள்ளைகள் உண்டு. 2008இல் ஜெர்மன் அரசு இதற்கென்றே 'வெல்ட்வெர்ட்ஸ்' என்று ஒரு திட்டம் போட்டது. பதினெட்டு முதல் இருபத்தெட்டு வயதுள்ள தன் நாட்டு இளைஞர்களை ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று தொண்டுக்கு அனுப்புவது. செலவில் பெரும்பகுதி அரசுடையது. சும்மா இருப்பதற்கு அரசே பட்ஜெட் ஒதுக்கியதை என் அப்பாவிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவர்களுடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இருந்தபோதே புத்தகம் வாங்கி, பாண்டிச்சேரியிலோ மதுரையிலோ சில வாரம் வகுப்புக்கும் போய், இலக்கணம் பிசகாமல் வருவார்கள். டீக்கடையில் ஒரு பெண், "ஐயா, எனக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் வேண்டும்" என்றாள். கடைக்காரர் என்னிடம் திரும்பி, "ரேடியோவுல இருந்து வந்திருக்குதா?" என்றார். ஆனால் கிண்டலோடு முடிந்துவிடவில்லை. அதே பெண் ஆறு மாதத்தில் பஸ்ஸில் கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுவதை நான் கேட்டிருக்கிறேன். சுத்தமான அரூர்த் தமிழ். தமிழ் வராதவர்கள் போட்டோ எடுத்தார்கள், சுவரில் யானை வரைந்தார்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் வந்தவர்கள் அதே பிள்ளைகளுக்கு அதே பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தெரியாத மாதிரியே கற்றுக்கொண்டார்கள். விருந்தாளியின் மனம் நோகக்கூடாதே.

இவான் இல்லிச் என்ற பாதிரியார் 1968இல் மெக்சிகோவில் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் மாநாட்டிலேயே எழுந்து நின்று, சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று பேசினார். அவரை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் வெளிநாட்டவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்றுத்தரும் பள்ளி ஒன்றையும் அவர் நடத்திக்கொண்டிருந்தார் என்பதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. உதவி வேண்டாம், பீஸ் கட்டுங்கள். தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சிட்லிங்கியில் பிள்ளைச் சாவு குறைந்தது ஒரு வருட விருந்தாளிகளால் அல்ல. திரும்பிப்போக டிக்கெட் எடுக்காத இரண்டு டாக்டர்களாலும், அவர்களிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த உள்ளூர்ப் பெண்களாலும். வந்துபோன பிள்ளைகளை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள், கற்றுக்கொண்டார்கள். நாங்கள்தான் பாடப்புத்தகம்.

இது அப்போது.

இப்போது என் அண்ணன் மகள் வீட்டில் சும்மா இருக்கிறாள். வயது இருபத்திரண்டு, பி.எஸ்சி. விலங்கியல். மூன்று காரணங்களில் எதுவும் இல்லை, அண்ணி மூன்றாவதை ரகசியமாக முயன்றுகொண்டிருப்பதைத் தவிர. அவள் ஜெர்மனிக்கு ஒரு வருடத் தொண்டுக்குப் போகிறாள். ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களுக்குச் சோறு ஊட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, பேச்சுத் துணைக்கு இருப்பது. தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குச் சில நூறு யூரோ.

இந்த வாய்ப்பு அரூர் வரை வந்த கதை வேடிக்கையானது. ஜெர்மனியில் ராணுவ சேவை கட்டாயமாக இருந்தது. துப்பாக்கி பிடிக்க மனச்சாட்சி இடம் தராத இளைஞர்கள் அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்யலாம் என்று 1961 முதல் ஒரு ஏற்பாடு. அரை நூற்றாண்டு அந்த நாட்டுக் கிழவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்தச் சமாதான விரும்பிகள். 2011இல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. கட்டாயமே இல்லையென்றால் மறுப்பதற்கு யார்? இல்லங்களில் ஆள் குறைந்தது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அரசு ஒரு தன்னார்வ சேவைத் திட்டத்தைத் தொடங்கியது, சுருக்கமாக பி.எஃப்.டி. வெளிநாட்டவரும் சேரலாம். கேரளத்துப் பிள்ளைகள் அதை முதலில் மோப்பம் பிடித்தார்கள். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர், சேலம், தொப்பூர் மலை ஏறி எங்களிடம் வந்துசேர்ந்தது. ஜெர்மன் பையன் ராணுவத்துக்குப் போகாததால் அரூர்ப் பெண் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள்.

தொண்டு செய்ய அந்த அரசு ஒரு காசு கேட்பதில்லை. இடம் தேடித்தருகிற ஏஜென்ட் கேட்கிறார், லட்சத்தில். சம்பளமில்லாத வேலைக்கு முன்பணம் கட்டிச் சேருவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "நேரா அந்த இல்லத்துக்கே மெயில் போட்டு வாங்கலாம் சித்தப்பா, எத்தனையோ பேர் அப்படித்தான் போறாங்க" என்றாள். போட்டாள். ஊர் பெயர் தெரியாத இல்லங்களுக்கெல்லாம் போட்டாள். பதில் வந்தவற்றில் பாதி, மொழி எந்த நிலை என்று கேட்டன. குறைந்தது ஏ2, பி1 இருந்தால் நல்லது. எனவே வகுப்பு.

அந்தப் பழைய டைப்ரைட்டிங் மாடி இடையில் கம்ப்யூட்டர் சென்டர் ஆகி, ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆகி, இப்போது வாசலில் ஜெர்மனி கொடி. தாட்கோவிலும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் நர்ஸிங் படித்தவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருகிறார்கள் என்று விசாரித்தோம். இவள் படித்தது விலங்கியல். கடைசியில் ஆன்லைன் வகுப்பு. கோட்டயத்திலிருந்து ஒரு டீச்சர். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நிற்கும். கீழே என் அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்க, மேலே ஜெர்மன். அந்த மொழியில் எல்லாப் பொருளுக்கும் பால் உண்டு: கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. சின்னப் பெண் என்ற சொல்லும் இரண்டுமில்லை வகை என்று அவள் விளக்கியபோது அம்மா தவிட்டுக் கையோடு நிமிர்ந்து பார்த்து, "கரண்டிக்கு இருக்கற மருவாதி பொண்ணுக்கு இல்லியா?" என்றார்.

பரீட்சை சென்னையில், மாக்ஸ் முல்லர் பவனில். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் நம் பிள்ளைகள் இந்தியாவை விட்டுப் போவதற்குப் பரீட்சை எழுதுகிறார்கள். பி1 என்றால் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 60 வாங்க வேண்டும். மூன்றில் வாங்கிவிட்டாள். கேட்பதில் போய்விட்டது. தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தத்தில் பயிற்சி எடுத்தால் அப்படித்தான். அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதினால் போதும் என்பது ஒரு ஆறுதல்; எங்கள் காலத்தில் ஹையரில் ஒரு பேப்பர் போனாலும் உயிர் போன மாதிரி.

விசாவுக்கான போட்டோவில் சிரிக்கக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும். தர்மபுரிக்காகவே போட்ட விதி அது. எங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வருவதற்கு முன் வளர்ந்த பிள்ளைகளின் பல்லைப் பார்த்தே எந்த மாவட்டம் என்று சொல்லிவிடலாம். கல்லூரி போட்டோவிலெல்லாம் அவள் கையால் வாயை மூடியிருப்பாள். இந்தப் போட்டோவில்தான் முதன்முறையாகக் கையை இறக்கியிருக்கிறாள்.

மிச்சமிருப்பது ஊக்கக் கடிதம். ஏன் தொண்டு செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். உண்மையான காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு வருடம் அங்கே இருந்து மொழி பிடிபட்டுவிட்டால், மூன்று வருட நர்ஸிங் தொழிற்பயிற்சியில் சேரலாம், பயிற்சியிலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் தருவார்கள், அப்புறம் நிரந்தர வேலை. அதை எழுதக்கூடாதாம். சேவை மனப்பான்மை, கலாச்சாரப் பரிமாற்றம், புதிய அனுபவம் என்று எழுத வேண்டுமாம். என் அறிவொளி அனுபவத்தை வைத்து உருக்கமாக ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு, "இது ரொம்ப நெசமா இருக்கு சித்தப்பா, நம்ப மாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் காலத்தில் பஸ்ஸில் என்னோடு வந்த பிள்ளைகளும் எங்களைப் பற்றி இப்படி ஒரு கடிதம் எழுதித்தான் வந்திருப்பார்கள். என்ன எழுதியிருப்பார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அண்ணி சொந்தக்காரர்களிடம், "ஜெர்மனில வேலை கெடச்சிருக்கு" என்றுதான் சொல்லிவருகிறார். தொண்டு என்று சொன்னால் வரன் வராது. இந்த விஷயத்தில் எங்கள் ஊர் 1991இலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. நான் சாட்சி.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா பேத்தியை விசாரித்தார். களியை உருட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே போய் என்ன செய்வாய்? யாருக்கு? அவர்களுடைய பிள்ளைகள் எங்கே? இவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஏன் கண்ணு, கெழவிக்குச் சோறு ஊட்டணும், தூக்கி உக்கார வெக்கணும், பேச்சுத் தொணைக்கு இருக்கணும். அவ்ளோதான? அத எனக்குப் பண்ணிட்டு இங்கியே இரு. சட்டிபிகேட்டுதான வேணும், நான் எழுதித் தரேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், உங்க சித்தப்பன கேளு."

"தெரியும் ஆயா. ஆனா அதுல ரவுண்டு சீல் இருக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தார். "சீலு எங்கடா செய்யறாங்க, அரூர்லயே கெடைக்குமா?"